பிதுங்கிய தண்டவாளம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயில் ஓட்ட 45 மி.மீ. பாதையில் (இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம்) ஒரு சுற்று போட்டிருக்கிறேன். 4 மீட்டர் நேர்ப்பகுதிகள் இரண்டு, 1.2 மீட்டர் ஆரத்தில் வளைவுகள். பித்தளைத் தண்டவாளம், அதைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளாகப் பிளாஸ்டிக் ஸ்லீப்பர். ஆறு அங்குல அகலத்தில் கான்கிரீட் பட்டை போட்டு, அடிக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்கி, மேலே ஆற்றுக் கூழாங்கல் பரப்பினேன். சித்திரை வெயிலில் ஒரு நேர்ப்பகுதி ஸ்க்ரூக்களைப் பிடுங்கிக்கொண்டு பக்கவாட்டில் 4 செ.மீ. பிதுங்கிவிட்டது. மழை பெய்தால் கூழாங்கல் உருண்டு பாயிண்ட்ஸில் (பாதை பிரியும் இடம்) சிக்குகிறது, எஞ்சின் தடம் புரள்கிறது. ஜல்லியில் சிமென்ட் கலந்து கொட்டி எல்லாவற்றையும் இறுக்கிவிடலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

சிமென்ட் வேண்டாம். இறுக்கியதால்தான் பிதுங்கியது.

கணக்கைப் பாருங்கள். பித்தளை ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.019 மி.மீ. நீளும். விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் தண்டவாளத்தின் சூடு 40 டிகிரி மாறுகிறது, உங்கள் 4 மீட்டரில் பிதுங்கிய பகுதி 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த 3 மீட்டருக்கு 2.3 மி.மீ. இது அற்பமாகத் தெரியும். ஆனால் இரு முனையும் அசையாமல் பிடித்திருக்கும் 3 மீட்டர் பாதை அந்த 2.3 மி.மீ.க்கு இடம் தேடி நடுவில் சுமார் 5 செ.மீ. வளைந்தாக வேண்டும். கான்கிரீட்டும் சற்று விரிவதால் உங்களுக்கு 4 செ.மீ.யோடு நின்றது. அதே பாதையை இறுக்காமல் விட்டால், 1.2 மீட்டர் ஆர வளைவு தன் பங்குக்கு ஒரு மி.மீ.கூட வெளியே நகராது. நேர்ப்பகுதிகள் நீள்வதையும் சேர்த்தால் வளைவுகள் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மி.மீ. தள்ளிப்போய், மாலையில் திரும்பி வந்துவிடும். அந்த அசைவுக்கு இடம் தந்துகொண்டே பாதையைப் பிடித்து நிறுத்துவதுதான் ஜல்லியின் வேலை.

கூழாங்கல்லால் அது முடியாது. உருண்டைக்கு உருண்டை ஒரு புள்ளியில்தான் தொடும், கோலிக்குண்டு மாதிரி நழுவும். உடைத்த கல்லுக்கு முனைகள் உண்டு, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கூழாங்கல்லை மொத்தமாக அள்ளிவிடுங்கள். கலந்து வைத்தாலும் கெடுக்கும்.

கான்கிரீட்டை உடைக்க வேண்டியதில்லை. கோரைக்கிழங்கு முளைத்து வராமல் தடுக்கவாவது உதவும். ஸ்க்ரூ அத்தனையையும் கழற்றுங்கள். பட்டையின் இரு ஓரமும் செங்கலைக் குத்தாக நிறுத்தி, மீட்டருக்கு ஓரிடத்தில் விரற்கடை இடைவெளி விடுங்கள், தண்ணீர் வெளியேற. உள்ளே 4 செ.மீ. உயரத்துக்கு அடித்தளம்: கால் இன்ச் கருங்கல் சிப்ஸ் மூன்று பங்கு, கிரஷர் தூள் ஒரு பங்கு. தூள் இதற்கு மேல் போனால் ஈரம் நிற்கும், புல் முளைக்கும். தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் தட்டி, மட்டம் பாருங்கள். உங்கள் பதினைந்தரை மீட்டர் சுற்றுக்கு சிமென்ட் சாக்கு அளவில் மூன்று மூட்டை பிடிக்கும். மேல் ஜல்லிக்கு ஒன்று, பிறகு நிரப்ப ஒன்று.

மேல் ஜல்லி எந்த அளவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 45 மி.மீ. பாதையை 1:22.5 அளவில் மீட்டர்கேஜாக எடுத்துக்கொள்வது வழக்கம், 1000 மி.மீ.யை வகுத்தால் 44.4 வருகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பாதையும் மீட்டர்கேஜ்தான். நம் ரயில்வே ஜல்லி ஏறக்குறைய 20 முதல் 65 மி.மீ. வரை. அதே விகிதத்தில் சுருக்கினால் 1 முதல் 3 மி.மீ. இதைத் தேடி அலைய வேண்டாம். எம்-சாண்டைக் கொசுவலைக் கம்பியில் சலித்து, மேலே தங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பொடி கீழே போய்விடும், முனையுள்ள கருங்கல் துணுக்குகள் நிற்கும். கண்ணுக்கும் அசல் போலவே இருக்கும்.

பாதையை வைத்த பிறகு இந்த ஜல்லியைக் கொட்டி, பெயிண்ட் பிரஷால் ஸ்லீப்பர் இடுக்குகளில் தள்ளுங்கள். பிறகு பாதையை விரலால் 3 மி.மீ. தூக்கி லேசாக ஆட்டினால் கல் அடியில் இறங்கும். தட்டையான மரக்குச்சியால் ஸ்லீப்பர் முனைகளின் கீழ் குத்தி நிரப்புங்கள். ஒரு சாண் ரசமட்டத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்து அடிக்கொரு முறை பாருங்கள். வளைவில் வெளித்தண்டவாளம் தாழ்ந்திருந்தால் எஞ்சின் கவிழக்கூடும், அரை மி.மீ. உயர்ந்திருந்தால் பாதகமில்லை. ஜல்லி ஸ்லீப்பரின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கட்டும். தோள்பட்டையில், அதாவது ஸ்லீப்பர் முனைக்கு வெளியே, செங்கல் வரை முழுசாக நிரப்புங்கள். பக்கவாட்டில் பிதுங்காமல் பிடிப்பது அந்தத் தோள்தான்.

பாயிண்ட்ஸ் இருக்குமிடத்தில் அடித்தளத்தின் மேல் கடப்பாக்கல் துண்டு ஒன்றைப் பதித்து, அதன் மீது உட்கார வையுங்கள். நாக்குத் தண்டவாளங்கள் அசையும் இடத்தில் ஜல்லியே வேண்டாம்.

நேர்ப்பகுதியில் ஒன்றரை மீட்டர் துண்டுகள் என்றால் ஒவ்வொன்றும் 1.1 மி.மீ. நீளும். விடியற்காலையில் பொருத்தினால் இணைப்பில் நான்கு விசிட்டிங் கார்டை அடுக்கிய கனத்துக்கு இடைவெளி விடுங்கள். மதிய வெயிலில் என்றால் முட்டவே விடலாம். மின்சாரம் தண்டவாளம் வழியே போகிறதென்றால், அந்த இணைப்புகளுக்கு வளையும் வயர்த் துண்டு ஒன்றைத் தொங்கலாக சால்டர் செய்யுங்கள்; தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடான ஃபிஷ்பிளேட்டை மட்டும் நம்பினால் மழைக்காலத்தில் களிம்பேறி ஓட்டம் விட்டுவிட்டு வரும்.

கோவையில் பல இடங்களில் கரிசல் மண். உங்கள் தோட்டமும் அப்படியென்றால் கான்கிரீட் பட்டையே கோடையில் ஒருபுறம் சாயும், மழையில் உப்பும். ஜல்லி மேல் கிடக்கும் பாதையை அப்போது தூக்கி, கல் குத்தி, பத்து நிமிடத்தில் மட்டத்துக்குக் கொண்டுவரலாம். சிமென்டில் புதைத்திருந்தால் உளிதான் எடுக்க வேண்டும்.

முதல் மழைக்குப் பிறகு ஜல்லி ஓரளவு கட்டாயம் அமுங்கும். அன்று எஞ்சினை ஓட்டாதீர்கள். ஒரு காலி வேகனைக் கையால் தள்ளிச் சுற்றி வாருங்கள். அது குலுங்கும் இடத்தில் சாக்பீஸால் ஸ்லீப்பரில் குறி போட்டு, ஐந்தாவது மூட்டையைப் பிரியுங்கள்.