ராணிகளின் வக்கீலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். போன மாதம் சோஃபியா கப்போலாவின் ‘மேரி அன்டாய்னெட்’ படம் பார்த்தேன். ஆன்டோனியா ஃப்ரேசர் எழுதிய வாழ்க்கை வரலாற்றை ஒட்டி எடுத்தது என்று தெரிந்ததும் நூலை வாங்கிப் பாதி படித்துவிட்டேன். நடை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் ஒரு நெருடல். ஃப்ரேசர் பிரபு வீட்டுப் பெண், கத்தோலிக்கர். ஸ்காட்லாந்தின் மேரி, பிரான்சின் அன்டாய்னெட் என்று தலை போன இரண்டு கத்தோலிக்க ராணிகளுக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறார். பேராசிரியரும் இல்லை. வரலாறு படித்த என் நண்பர், “அதெல்லாம் சோஃபாவில் சாய்ந்துகொண்டு படிக்கிற புத்தகம்” என்று ஒதுக்கிவிட்டார். இதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா? அவருடைய வேறு நூல்களில் எதைப் படிக்கலாம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. நானும் சாய்ந்துகொண்டுதான் படித்தேன். ஆனால் சாய்ந்து படிக்கும்படி எழுதுவது ஒரு குற்றமா என்ன? அடிக்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால் அந்த நடைக்குப் பின்னால் எத்தனை கடிதக் கட்டுகளும் கணக்குப் புத்தகங்களும் இருக்கின்றன என்பது தெரியும்.

பிரபு வீட்டுப் பெண் என்பது உண்மை. 1932இல் லண்டனில் பிறந்தார். அப்பா லாங்ஃபோர்ட் பிரபு, தொழிற்கட்சி அமைச்சராக இருந்தவர். அம்மா எலிசபெத் லாங்ஃபோர்ட் விக்டோரியா ராணியின் வாழ்க்கையை எழுதிப் புகழ் பெற்றவர். தம்பி தாமஸ் பேக்கன்ஹம் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் பற்றி எழுதினார். மகள் ஃப்ளோராவும் வாழ்க்கை வரலாற்றாசிரியர். சாப்பாட்டு மேஜையில் யார் எந்த ராஜாவை எடுத்துக்கொள்வது என்று சண்டை வந்திருக்கும் போல. நிஜமாகவே வந்ததும் உண்டு. ஸ்காட்லாந்து மேரியை அம்மா எழுதலாம் என்று ஒரு பேச்சு எழுந்தபோது, “அவள் என்னுடையவள்” என்று மகள் குறுக்கே விழுந்ததாகச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்தே மேரி மீது அவருக்கு அப்படி ஒரு பித்து. அந்த நூல் 1969இல் வந்தது. அதற்கு ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசும் கிடைத்தது.

சரி, வக்காலத்து விஷயத்துக்கு வருவோம். அவருடைய அடுத்த பெரிய நூல் யாரைப் பற்றியது தெரியுமா? பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசனைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த ஆலிவர் குரோம்வெல். 1973இல் வந்தது. ஃப்ரேசர் பிறந்த பேக்கன்ஹம் குடும்பத்தின் கோட்டை அயர்லாந்தில் இருக்கிறது. அயர்லாந்தில் குரோம்வெல் என்ற பெயர் இன்றும் ஒரு சாபச் சொல். 1649இல் டிராஹடாவில் அவர் படை நடத்திய படுகொலையை அங்கே யாரும் மறக்கவில்லை. அரசனின் தலையை வெட்டிய மனிதர், கத்தோலிக்கர்களுக்குப் பரம விரோதி. வக்கீல் வேலைதான் ஃப்ரேசரின் தொழில் என்றால் இந்தக் கட்சிக்காரரை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அவரோ டிராஹடாவைப் பூசி மெழுகாமல், ஆனால் அந்த மனிதரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதினார். நாற்பது வயது தாண்டும்வரை ஊர் பேர் தெரியாத கிராமத்து நிலக்காரர், மனச்சோர்வு வாட்டியவர், போர் அனுபவமே இல்லாமல் குதிரைப்படையைத் திரட்டியவர். அந்தக் குரோம்வெல்லை எனக்கு முதலில் காட்டியது ஃப்ரேசர்தான். (தலை போனது ராணிகளுக்கு மட்டும் இல்லை. செத்த பிறகு குரோம்வெல்லின் உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டு, தலையைக் கம்பத்தில் சொருகி வைத்தார்கள். அந்தத் தலை கடைசியில் கேம்பிரிட்ஜில் புதைக்கப்பட்டது 1960இல்!)

இங்கிலாந்து அரசனைப் பாராளுமன்றத்தோடு சேர்த்துத் தகர்க்க 1605இல் தீட்டிய வெடிமருந்துச் சதி பற்றி 1996இல் எழுதிய நூலும் அப்படித்தான். பாராளுமன்றத்துக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்து, சதிகாரர்கள் கத்தோலிக்கர்கள். அரசாங்கமே ஜோடித்த கதை அது, சதியே நடக்கவில்லை என்று வாதாடும் கத்தோலிக்க மரபு ஒன்று உண்டு. அந்த வசதியான பாதையில் ஃப்ரேசர் போகவில்லை. சதி நடந்தது, அவர்கள் கொல்லத்தான் நினைத்தார்கள் என்கிறார். கூடவே, அந்த இளைஞர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்றும் கேட்கிறார். சதிகாரர்களில் ஒருவரான கை ஃபாக்ஸ் சித்திரவதைக்குப் பிறகு போட்ட கையெழுத்து பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கிறது. ‘கைடோ’ என்று தொடங்கி, நடுங்கி, பெயரை முடிக்கக்கூட முடியாமல் இழுபடும் ஒரு கிறுக்கல். அதற்கு முன் அவர் போட்ட திடமான கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் அந்த அறையில் என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் பார்வையில் ஃப்ரேசரின் கெட்டிக்காரத்தனம் அனுதாபத்தில் இல்லை, வேறொன்றில் இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட ஆட்களின் முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அன்டாய்னெட் என்றாலே புரட்சிக்காரர்களின் தலைவெட்டும் எந்திரமான கில்லட்டின்தான். அந்த முடிவு முதல் பக்கத்திலேயே உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை. முடிந்தவரை அதை முன்கூட்டிச் சொல்லாமல் கதையைக் கொண்டுபோக முயன்றிருப்பதாக நூலின் முன்னுரையிலேயே அவர் குறிப்பிடுகிறார்.

நீங்கள் அந்த எல்லைக் காட்சியைத் தாண்டியிருப்பீர்கள். 1770 மே மாதம், ஸ்ட்ராஸ்பர்க் பக்கம் ரைன் நதி நடுவே ஒரு தீவு. அங்கே மரத்தால் தற்காலிகமாக ஒரு மாளிகை. அதில் ஒரு பக்கம் ஆஸ்திரியா, மறுபக்கம் பிரான்ஸ். பிரான்சின் இளவரசருக்கு மணமுடிக்க அனுப்பப்பட்ட பதினான்கு வயது அன்டாய்னெட் ஒரு வாசல் வழியாக ஆஸ்திரியக்காரியாக நுழைகிறாள். அவள் உடுத்தியிருந்ததையெல்லாம் களைந்து பிரெஞ்சு உடையை மாட்டுகிறார்கள். கூட வந்தவர்கள் அழுதுகொண்டே விடைபெறுகிறார்கள். அவளுடைய பக் நாய்க்குட்டியைக்கூட விடவில்லை (பின்னால் அது வந்து சேர்ந்தது என்பது ஆறுதல்).

அந்த மண்டபத்தில் தொங்கிய திரைச்சீலைகளில் ஜேசன்–மெடியா கதை நெய்யப்பட்டிருந்தது. கிரேக்கப் புராணத்தில் அதைவிட நாசமாய்ப் போன கல்யாணம் கிடையாது. அப்போது ஸ்ட்ராஸ்பர்கில் மாணவராக இருந்த இருபது வயது கெத்தே (பின்னாளில் ஜெர்மனியின் பெருங்கவிஞர்) அதைப் பார்த்துத் திடுக்கிட்டதாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அதை எழுதியது நாற்பது வருஷம் கழித்து. அவள் தலை விழுந்தது ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பிறகு. அன்றைக்கே அத்தனை திடுக்கிட்டாரா, பிற்பாடு தெரிந்ததை முன்னால் கொண்டுபோய் ஒட்டினாரா? வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு இருந்த கவலை சகுனம் பற்றியது அல்ல, நாய்க்குட்டி பற்றியது என்பது ஃப்ரேசருக்குத் தெரிகிறது.

‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ கதையும் இதே ரகம். நூறு வருஷத்துக்கு முன்பே பதினான்காம் லூயியின் மனைவி மீது சொல்லப்பட்ட கதை அது என்கிறார் ஃப்ரேசர். ஏதோ ஒரு இளவரசி சொன்னதாகப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ அதை எழுதியபோது அன்டாய்னெட் வியன்னாவில் சின்னப் பெண். முடிவுக்குப் பொருத்தமாக இருந்ததால் ஜனங்கள் அதை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. 1788இல் பிரான்சில் விளைச்சல் பொய்த்தது, மறு வருஷம் ரொட்டி விலை எகிறியது. ஃப்ரேசரின் நூலில் இதெல்லாம் அரண்மனை ஜன்னலுக்கு உள்ளிருந்துதான் நமக்குக் கேட்கிறது. அரண்மனை இருந்த வெர்சாய்க்கு நடந்து வந்த பாரிஸ் பெண்களின் வீட்டு அடுப்பை அவர் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு ராணியின் வாழ்க்கை வரலாற்றில் அதை எதிர்பார்க்கலாமா என்று கேட்டால், நான் எதிர்பார்ப்பேன். உங்கள் நண்பர் இங்கே அடித்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இத்தனைக்கும், அன்டாய்னெட் நூலுக்கு வெகு முன்பே, 1984இல், சாதாரணப் பெண்களையும் எட்டிப் பார்க்கும் ‘தி வீக்கர் வெசல்’ எழுதியவர் அவர். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்கள் பற்றிய நூல். அந்த நூற்றாண்டில் பெண்கள் இருந்தார்களா என்று ஒரு பெரிய மனிதர் இவரிடம் கேட்டாராம்! மருத்துவச்சிகள், நடிகைகள், விதவைகள், தெருவில் நின்று பிரசங்கம் செய்தவர்கள் என்று பெருங்கூட்டமே வருகிறது. உள்நாட்டுப் போரில் கணவர் லண்டனில் இருக்க, 1643இல் தன் கோட்டையை வாரக்கணக்கில் முற்றுகையிலிருந்து காத்து, அதே வருஷம் நோயில் செத்துப்போன பிரில்லியானா ஹார்லியும் உண்டு. வுல்ஃப்சன் வரலாற்றுப் பரிசு பெற்ற நூல். உங்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். அப்புறம் வெடிமருந்துச் சதி. இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகள் பற்றிய நூலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதே விஷயத்தை வேறு பலரும் எழுதிவிட்டார்கள். ஜெமைமா ஷோர் என்ற பெண் துப்பறிவதாக அவர் எழுதிய நாவல்கள் ரயில் பயணத்துக்கு ஆகும்.

இன்னொன்று, ‘மஸ்ட் யூ கோ?’. நாடகாசிரியர் ஹரால்ட் பின்டர் அவருடைய இரண்டாவது கணவர். 1975 ஜனவரியில் ஒரு விருந்து முடிந்து கிளம்பும்போது பின்டர் கேட்ட கேள்விதான் தலைப்பு: போய்த்தான் ஆக வேண்டுமா? பின்டர் 2008 டிசம்பரில் இறந்தார். அதன் பிறகு, தன் பழைய டைரிக் குறிப்புகளைக் கோத்து ஃப்ரேசர் இந்த நூலை வெளியிட்டார். டைரி எழுதுகிறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. மற்றவர்கள் வாழ்க்கையில் பாடுபட்டு உண்டாக்கியது, தன் வாழ்க்கையில் அவருக்குத் தானாகவே கிடைத்தது.

பாதியில் நிறுத்திவிடாதீர்கள். படம் 1789 அக்டோபரில் வெர்சாயை விட்டு வண்டி கிளம்புவதோடு நின்றுவிடும். நூலில் இன்னும் நான்கு வருஷம் பாக்கி இருக்கிறது.