குமுளி செக்போஸ்ட்டும் சீரியல் செட்டும்: ஒரு வயர்மேனின் பதில்கள்

குமுளியில் வயரிங் வேலை பார்க்கிறேன். பாதி நாள் கேரளா பக்கம், மீதி நாள் கம்பம், கூடலூர். சீரியஸ் (தொடர் இணைப்பு), பேரலல் (பக்க இணைப்பு) பற்றி வருகிறவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, பத்தாவது படிக்கிறேன். பக்க இணைப்பில் இன்னொரு மின்தடையைச் சேர்த்தால் மொத்தத் தடை குறையும் என்கிறார்கள். தடையைச் சேர்த்தால் கூடத்தானே வேண்டும்?

நம்ம ஊர் செக்போஸ்ட்டை நினைத்துக்கொள், பாப்பா. கம்பத்திலிருந்து ஏறி வரும் வண்டி முதலில் தமிழ்நாடு செக்போஸ்ட்டில் நிற்கும், அடுத்து கேரளா செக்போஸ்ட்டில் நிற்கும். இரண்டு தாமதமும் கூடும். அது தொடர் இணைப்பு. சபரிமலை சீசனில் ஒரே செக்போஸ்ட்டில் பக்கத்திலேயே இன்னொரு வழி திறந்துவிட்டால்? அது எவ்வளவு குறுகலாக இருந்தாலும் சில வண்டிகளாவது அதில் போகும், நெரிசல் குறையும். அதுதான் பக்க இணைப்பு. 6 ஓமும் 3 ஓமும் பக்கத்தில் போட்டால் 2 ஓம். இருப்பதில் சிறிய தடையைவிடவும் குறைவு.

கோவில் பொங்கலுக்குப் பழைய சீரியல் செட் கட்டுகிறோம். பியூஸ் போன பல்பை எடுத்துவிட்டு வயரை முறுக்கிவிடலாமா?

பேரிலேயே இருக்கிறது பாருங்கள், சீரியல். பழைய செட்டில் ஒரு வரிசைக்கு 40 குட்டி பல்பு என்றால், 230 வோல்ட்டை அவை பங்கு போட்டு ஆளுக்கு 5.75 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஒன்று போனால் வரிசையே இருட்டு. ஒன்றைத் தாண்டி முறுக்கினால் பெரிதாக எதுவும் தெரியாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு என்று பத்து பல்பை முறுக்கிவிட்டால், மிச்சம் 30 பல்புக்கும் ஆளுக்கு 7.67 வோல்ட். பளபளவென்று எரிந்து ஒவ்வொன்றாகப் போகும். அதைவிடப் பெரிய விஷயம், முறுக்கிய இடம். பல்பு ஆறு வோல்ட்தானே என்று தொடாதீர்கள், வயரில் இருப்பது வீட்டு கரண்டு. நம்ம மழைக்கு டேப் சுற்றாத முறுக்கு வேண்டவே வேண்டாம்.

சுவிட்ச் சீரியஸா பேரலலா?

சீரியஸ். அதுவும் கரண்டு வரும் பேஸ் வயரில். பியூஸும் அப்படித்தான்.

எக்ஸ்டென்ஷன் போர்டு பேரலல்தானே? பின்னே ஏன் சேட்டா, இண்டக்ஷனும் கெட்டிலும் போட்டால் வயர் சுடுகிறது?

பேரலலில் வோல்ட்டேஜ் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஆனால் ஆம்பியர் கூடிக்கொண்டே போகும். இண்டக்ஷன் 1800 வாட், கெட்டில் 1500. 3300-ஐ 230-ஆல் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல். அவ்வளவும் அந்த ஒற்றை வயர் வழியாகத்தான் வர வேண்டும். உங்கள் போர்டு 6 ஆம்பியர். சுடாமல் என்ன செய்யும்?

60 வாட், 100 வாட் குண்டு பல்பு இரண்டையும் சீரியஸில் போட்டேன். 60 அதிகமாக எரிந்தது. ஐடிஐ-யில் யாரும் நம்பவில்லை.

நீங்கள் பார்த்தது சரி, தம்பி. வாட் குறைந்த பல்புக்குத் தடை அதிகம். 60-க்கு சுமார் 880 ஓம், 100-க்கு 529. சீரியஸில் ஓடும் கரண்டு ஒன்றே என்பதால் தடை அதிகமானது வோல்ட்டேஜில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். இதை மறக்காதீர்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

வண்டன்மேட்டில் எங்கள் வீடு த்ரீ பேஸ். போன காற்றில் ஒரு அறை லைட் மங்கியது, இன்னொரு அறை லைட் பளீரென்று எரிந்தது, டிவி புகைந்துவிட்டது. இடியா?

இடி இல்லை, அக்கா. நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பிப் போகும் வயர், கட்டாகியிருக்கும். ஒழுங்காக இருக்கும்போது ஒவ்வொரு பேஸும் நியூட்ரலோடு சேர்ந்து 230 வோல்ட் தரும். நியூட்ரல் அறுந்தால் கரண்டு திரும்ப வழி தேடும். ஒரு பேஸில் புகுந்து, ஓர் அறையின் சாமான், அடுத்த அறையின் சாமான் என்று கடந்து இன்னொரு பேஸில் போய்ச் சேரும். அதாவது பேரலலாக இருந்தவை சீரியஸாகிவிட்டன, அதுவும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே. ஒரு பக்கம் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், மறுபக்கம் 100 வாட் டிவி, மூன்றாம் பேஸில் ஒன்றுமில்லை என்று வையுங்கள். தோராயக் கணக்கில் அயர்ன் பாக்ஸுக்கு 36 வோல்ட், டிவிக்கு 364. அந்தத் தம்பி பார்த்த 60 வாட் பல்பு கதைதான். சின்னச் சாமான்தான் அடி வாங்கும்.

இனி ஒரு அறை மங்கி இன்னொன்று பளீரென்று ஆனால் யோசிக்காதீர்கள். ஓடிப்போய் மெயினை இறக்குங்கள், அப்புறம் போன் செய்யுங்கள்.

இன்வெர்ட்டருக்கு இரண்டாவது பேட்டரி வாங்கினால் எப்படி இணைப்பது?

இன்வெர்ட்டர் 12 வோல்ட்டா, 24-ஆ என்று முதலில் பாருங்கள். 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டைப் பேரலலில் போட்டால் 12 வோல்ட், 300 ஏ.ஹெச். சீரியஸில் 24 வோல்ட், அதே 150. சேமிப்பு இரண்டிலும் ஒன்றுதான். தொழிலுக்கு வந்த புதிதில் நான் 12 வோல்ட் இன்வெர்ட்டருக்குச் சீரியஸில் கொடுத்து ஒரு போர்டைக் கருக்கியிருக்கிறேன், பணமும் கொடுத்தேன். பழைய பேட்டரியோடு புதியதை மட்டும் சேர்க்காதீர்கள். பேரலலில் பழையது புதியதைக் குடிக்கும், சீரியஸில் பழையது முதலில் காலியாகிப் புதியதையும் நிறுத்திவிடும். வாங்கினால் ஜோடியாக, ஒரே தேதி போட்டதாக வாங்குங்கள்.