கான்ஃபிக் படிக்கும்போதே கால்பேக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், சி-ல ஒரு சின்ன டீமன் (பின்னணில ஓடிட்டே இருக்கிற ப்ரோக்ராம்) எழுதிட்டு இருக்கேன். ஐஎன்ஐ பைல்ல (வரிக்கு ஒரு பேரு, ஒரு மதிப்புன்னு எழுதுற செட்டிங் பைல்) இருந்து கான்ஃபிக் படிக்குது. ஒவ்வொரு பராமீட்டருக்கும் ஒரு கால்பேக் (அந்த வரி வந்தா தானா கூப்பிடப்படுற ஃபங்ஷன்) வச்சிருக்கேன், அந்தப் பேரு வந்த உடனே வேலையையும் முடிச்சிடும். லாக் பைல்னு வந்தா உடனே ஓபன், போர்ட்னு வந்தா உடனே பைண்ட், அதாவது அந்த போர்ட்டைப் பிடிச்சுக்கும். என் மெஷின்ல சரியா ஓடுது, நண்பர் மெஷின்ல மட்டும் லாக் பைல் வேற டைரக்டரில போய் உக்காந்துக்குது. கோடு ஒன்னுதானே, அப்புறம் எப்படி?

பதில்: கோடு ஒன்னுதான், கான்ஃபிக் பைல் ஒன்னா இருக்காதே. நண்பரோட பைல்ல வரிசையைப் பாருங்க, மேல லாக் பைல் பேரு இருக்கும், நாலு வரி தள்ளி லாக் டைரக்டரி இருக்கும். முதல் கால்பேக் ஓடுறப்ப டைரக்டரிக்கு இன்னும் டீஃபால்ட் மதிப்புதான், அதனால பைல் அங்க ஓபன் ஆயிடுச்சு, அப்புறம் டைரக்டரி வரி வந்து வேரியபிளை மாத்துனா என்ன, மாத்தாட்டி என்ன, திறந்த பைல் திறந்ததுதான். கான்ஃபிக் பைல் எழுதுறவங்க எந்த வரி முதல்ல வரணும்னு யோசிக்க மாட்டாங்க, யோசிக்க வைக்கவும் கூடாது.

இது உங்களுக்குத் தெரிஞ்ச பிரச்சனை. தெரியாம இன்னும் ரெண்டு இருக்கு. ஒன்னு, அதே போர்ட் பைல்ல ரெண்டு தடவை வந்தா? கடைசியா வர்றதுதான் செல்லும்ங்கறது நிறைய ப்ரோக்ராம்ல இருக்கிற வழக்கம், அதை நம்பித்தான் பொதுவான பைல் ஒன்னு, அதுக்கு மேல மாத்தி எழுதுற பைல் ஒன்னுன்னு வச்சிருப்பாங்க. உங்க கோடு முதல் போர்ட்டுக்கும் பைண்ட் பண்ணும், ரெண்டாவதுக்கும் பண்ணும். இன்னொன்னு, நாற்பதாவது வரில ஒரு தப்பு இருக்குன்னு வைங்க. அதுக்குள்ள முப்பத்தொன்பது வரியோட வேலை முடிஞ்சாச்சு. ப்ரோக்ராம் இப்பதான் ஸ்டார்ட் ஆகுதுன்னா எர்ரர் சொல்லிட்டு வெளிய வந்துடலாம், ஓடிட்டு இருக்கும்போது ரீலோட்ல (நிறுத்தாமலே கான்ஃபிக்கை மறுபடி படிக்கிறது) இது நடந்தா பாதி புதுசு பாதி பழசுன்னு நிக்கும், அரைக்கிணறு தாண்டின கதை. நீங்க ஐஎன்ஐ பைல் படிக்கிற ஐஎன்ஐஹெச் லைப்ரரி யூஸ் பண்றீங்கன்னா இதைக் கண்டிப்பா கவனிங்க, அது தப்பான வரி வந்தாலும் நிக்காம கடைசி வரைக்கும் படிச்சிட்டு, முதல் தப்பு எந்த வரின்னு அந்த நம்பரைத்தான் திருப்பித் தரும் (முதல் தப்புல நிறுத்தணும்னா கம்பைல் பண்றப்ப அதுக்குன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு). அதாவது தப்புக்கு அப்புறமும் உங்க கால்பேக் வரிசையா ஓடிட்டுதான் இருக்கும்.

அதனால படிக்கிற கால்பேக் மதிப்பை எடுத்து வைக்கிற வேலையை மட்டும் பண்ணட்டும். புதுசா ஒரு ஸ்ட்ரக்ட், அதுல முதல்ல டீஃபால்ட் எல்லாம் நிரப்பிடுங்க, கால்பேக்குக்குக் கொடுக்கிற யூசர் பாயிண்டர் இருக்கே, அது வழியா இந்த ஸ்ட்ரக்டை அனுப்புங்க, குளோபல் வேரியபிள் எதையும் தொடாதீங்க. பைல் முடிஞ்சதும் மொத்தமா செக், எல்லாம் சரின்னாதான் பழைய ஸ்ட்ரக்டையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பார்த்து, மாறினதுக்கு மட்டும் வேலை. போர்ட் மாறலன்னா சாக்கெட்டை மூடித் திறக்க வேண்டிய அவசியமே இல்ல, கனெக்ஷன்ல இருக்கிறவங்களுக்கு ரீலோட் நடந்ததே தெரியாது.

கேள்வி: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதுறேன். ஒரு பராமீட்டர் டிஃபைன் பண்ணும்போது செக் ஹூக், அசைன் ஹூக், ஷோ ஹூக்னு மூணு ஹூக் (போஸ்ட்கிரஸ் அதுவா கூப்பிடுற கால்பேக்) கேக்குது. மதிப்பு சரியான்னு பார்த்துட்டு அங்கேயே செட் பண்ணிட்டா ஆச்சு, எதுக்கு ரெண்டா பிரிக்கணும்?

பதில்: இதை நல்லா பிரிச்சு வச்சிருக்கிற சாஃப்ட்வேர் எதுன்னு கேட்டா நான் போஸ்ட்கிரஸைத்தான் கை காட்டுவேன். முன்னாடி அங்கேயும் ஒரே அசைன் ஹூக்தான், டூஇட்னு ஒரு பூலியன் கூட வரும், ஃபால்ஸ்னா செக் மட்டும் பண்ணு, ட்ரூன்னா நிஜமாவே மாத்து. 2011-ல வந்த 9.1 வெர்ஷன்லதான் ரெண்டா பிரிச்சாங்க.

விதி இதுதான்: செக் ஹூக் தோத்துப் போகலாம், ஆனா வெளியில எதையும் மாத்தக் கூடாது. அசைன் ஹூக் மாத்தலாம், ஆனா தோக்கவே கூடாது. ஏன்னு ஒரு கேஸ் பாருங்க. ட்ரான்சாக்ஷனுக்குள்ள ஒருத்தர் செட் கமாண்ட் போட்டு உங்க பராமீட்டரை மாத்துறாரு, அப்புறம் ரோல்பேக் பண்றாரு, அதாவது செஞ்சதை எல்லாம் ரத்து பண்றாரு. பழைய மதிப்பு திரும்பி வரணும், அதுக்கு உங்க அசைன் ஹூக்கை பழைய மதிப்போட மறுபடி கூப்பிடும். அந்த நேரத்துல உங்க ஹூக் மெமரி இல்லன்னு எர்ரர் போட்டா, ஏற்கனவே ஒரு ட்ரான்சாக்ஷனை கேன்சல் பண்ணிட்டு இருக்கிறவன் இன்னும் எங்க போய் கேன்சல் பண்ணுவான்? மறுபக்கம் பாருங்க, ஆல்டர் சிஸ்டம் கமாண்ட் (புது மதிப்பை பைல்ல எழுதி மட்டும் வைக்கிறது) மதிப்பு சரியான்னு பார்க்க செக் ஹூக்கை மட்டும் ஓட்டும், அசைன் ஹூக்கை அப்போ கூப்பிடாது. செக் ஹூக்ல குளோபல் வேரியபிளை மாத்தி வச்சீங்கன்னா, யாரும் இன்னும் அமலுக்குக் கொண்டுவராத மதிப்பு சத்தமில்லாம அமலுக்கு வந்துடும்.

அப்போ கஷ்டமான வேலையை எங்க பண்றது? டைம்ஸோன் பராமீட்டரைப் பாருங்க, அழகா இருக்கும். அந்தப் பேருல ஒரு ஸோன் இருக்கான்னு தேடி, லோட் பண்றது எல்லாம் செக் ஹூக்ல நடக்கும், கிடைச்ச பாயிண்டரை எக்ஸ்ட்ராங்கிற இடத்துல வச்சு அனுப்பிடும். அசைன் ஹூக் அந்த பாயிண்டரை எடுத்து செஷன் டைம்ஸோன் வேரியபிள்ல போடும், அவ்வளவுதான், அதுல தோக்கறதுக்கு ஒன்னுமே இல்ல. நீங்க எக்ஸ்ட்ரா யூஸ் பண்ணும்போது அது ஒரே துண்டு மெமரியா இருக்கணும், அதுக்குள்ள இருந்து இன்னொரு அலோகேஷனுக்கு பாயிண்டர் வச்சீங்கன்னா அதை யாரும் ஃப்ரீ பண்ண மாட்டாங்க.

சர்ச் பாத் பராமீட்டர் (டேபிளை எந்தெந்த ஸ்கீமால, அதாவது எந்தெந்தத் தொகுப்புல தேடணும்ங்கற வரிசை) இன்னொரு தினுசு. அதோட அசைன் ஹூக் ஸ்கீமாவைத் தேடவே தேடாது, "பாத் பழசாயிடுச்சு, அடுத்த தடவை தேவைப்படும்போது கணக்குப் போட்டுக்கோ"ன்னு ஒரு ஃப்ளாகை மட்டும் மாத்தி வைக்கும். காரணம் என்னன்னா கான்ஃபிக் பைல் படிக்கிற நேரத்துல ட்ரான்சாக்ஷனே இருக்காது, கேட்டலாகை (என்னென்ன டேபிள், ஸ்கீமா இருக்குங்கற டேட்டாபேஸோட பதிவேடு) தொட முடியாது. நம்ம ஆட்கள் எக்ஸ்டென்ஷன்ல செக் ஹூக்குக்குள்ள போய் டேபிள் இருக்கான்னு குவெரி போடுறாங்க, அதெல்லாம் கைல ஓட்டிப் பார்க்கிறப்ப வேலை செய்யும், பராமீட்டரை கான்ஃபிக் பைல்ல எழுதுன நாள்ல கவுந்துடும்.

ஷோ ஹூக் பெருசா ஒன்னுமில்ல, மதிப்பை யாராவது பார்க்கக் கேட்டா எப்படி காட்டணும்ங்கறது. தேவைப்படலன்னா நல் (NULL, ஒன்னுமில்லங்கற பாயிண்டர்) குடுத்துட்டுப் போங்க.

கேள்வி: லினக்ஸ் கெர்னல் மாட்யூல்ல பராமீட்டருக்கு சொந்தமா செட் ஃபங்ஷன் எழுதி மாட்யூல் பேரம் சிபி (module_param_cb) வழியா கட்டி விட்டேன். மாட்யூலை சும்மா லோட் பண்ணா ஓகே, லோட் பண்ணும்போதே பராமீட்டர் குடுத்தா ஊப்ஸ் (கெர்னல் கிராஷ் எர்ரர்). அப்புறம் சிஸ்எஃப்எஸ்ல (கெர்னல் செட்டிங்கை பைல் மாதிரி காட்டுற இடம்) எக்கோ பண்ணி "ஃபாஸ்ட்"னு எழுதுனா தப்பான மதிப்புன்னு திருப்பி அடிக்குது, ஆனா லோட் பண்றப்ப குடுக்கிற அதே "ஃபாஸ்ட்" செல்லுபடி ஆகுது. பைத்தியம் பிடிக்குது சார்.

பதில்: ரெண்டும் வேற வேற விஷயம். முதல்ல ஊப்ஸ். கெர்னல் மாட்யூலை லோட் பண்றப்ப பராமீட்டரைப் பிரிச்சு உங்க செட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு முடிச்சிட்டுதான் இனிட் ஃபங்ஷனுக்கே வரும். உங்க செட் ஃபங்ஷன், இனிட்ல உருவாக வேண்டிய ஒர்க்கியூவை (வேலைகளோட வரிசை) இப்பவே தேடிப் போகுது, அங்க நல் பாயிண்டர்தான் இருக்கு. இதே ஃபங்ஷன் பின்னாடி சிஸ்எஃப்எஸ் பைல்ல யாராவது எழுதும்போதும் ஓடும், அப்போ எல்லாம் ரெடியா இருக்கும். ஆக ஒரே கால்பேக் ரெண்டு காலத்துல ஓடுது. செட் ஃபங்ஷன்ல மதிப்பை வாங்கி வச்சுக்கோங்க, ரெடின்னு ஒரு ஃப்ளாக் ட்ரூவா இருந்தா மட்டும் அப்ளை பண்ணுங்க, முதல் தடவை அப்ளை பண்றது இனிட்டோட பொறுப்பு. எக்ஸிட்ல அந்த ஃப்ளாகை முதல்ல இறக்கிடுங்க, அதையும் மறந்துடாதீங்க.

ரெண்டாவது, எக்கோ கமாண்ட் கடைசில ஒரு நியூலைன் சேர்த்து அனுப்பும். உங்களுக்கு வர்றது "ஃபாஸ்ட்" இல்ல, "ஃபாஸ்ட்" கூட ஒரு நியூலைன், ஸ்ட்ரிங் கம்பேர் எப்படி ஒத்துக்கும். நம்பர்னா கெர்னல்ல இருக்கிற மாத்துற ஃபங்ஷன் கடைசி நியூலைனை மன்னிச்சு விட்டுடும், அதனால இது வெளியில தெரியாது. ஸ்ட்ரிங்குக்கு சிஸ்எஃப்எஸ் ஸ்ட்ரீக் (sysfs_streq)னு இதுக்காகவே ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதை யூஸ் பண்ணுங்க.

கேள்வி: அப்பாச்சி வெப் சர்வருக்கு மாட்யூல் எழுதுனேன், என் டைரக்டிவோட (கான்ஃபிக் வரியோட) ஃபங்ஷன் ஸ்டார்ட் ஆகும்போது ரெண்டு தடவை ஓடுது. இது பக்-ஆ?

பதில்: பக் இல்ல, அப்பாச்சி ஸ்டார்ட் ஆகும்போது கான்ஃபிக்கை ரெண்டு தடவை படிக்கும், முதல் தடவை செக், ரெண்டாவது நிஜம். கான்ஃபிக் படிக்கிற கால்பேக் எத்தனை தடவை ஓடினாலும் பரவாயில்லங்கற மாதிரிதான் எழுதணும். த்ரெட் கிளப்புறது, கவுண்டரை ஏத்துறது எல்லாம் அங்க வேண்டாம்.

கேள்வி: கிட் சோர்ஸ்ல கான்ஃபிக் கால்பேக் பார்த்தேன், மதிப்பு நல்-ஆ (NULL) இருக்கான்னு எல்லா இடத்துலயும் செக் பண்றாங்க. பைல்ல இருந்து படிச்ச ஸ்ட்ரிங் எப்படி சார் நல் ஆகும்?

பதில்: கிட் கான்ஃபிக்ல ஈக்வல் குறியே போடாம பேரை மட்டும் எழுதலாம், அப்படி எழுதுனா ட்ரூன்னு அர்த்தம், அந்த கேஸ்ல கால்பேக்குக்கு மதிப்பா நல் வரும். ஈக்வல் போட்டுட்டு வலது பக்கம் காலியா விட்டா காலி ஸ்ட்ரிங் வரும், பூலியனா பார்த்தா அது ஃபால்ஸ். ஒரு குறி இருக்கா இல்லையாங்கறதுல மதிப்பே தலைகீழா மாறுது. செக் பண்ணாம ஸ்ட்ரிங்கை காப்பி பண்ணா, யாரோ ஒருத்தர் பேரை மட்டும் எழுதி வச்ச பைல்ல ப்ரோக்ராம் கிராஷ் ஆகும்.

இதோட இன்னொன்னும் பார்த்துக்கோங்க: கிட்ல கால்பேக் ஜீரோ திருப்பினா வெற்றி, மைனஸ் ஒன்னுன்னா தோல்வி. மேல சொன்ன ஐஎன்ஐஹெச்ல ஜீரோன்னா தோல்வி. போஸ்ட்கிரஸ் செக் ஹூக்ல ட்ரூன்னா வெற்றி, அப்பாச்சில நல் திருப்பினா வெற்றி, ஸ்ட்ரிங் திருப்பினா அதுதான் எர்ரர் மெசேஜ். ஒரு இடத்துல எழுதுன கால்பேக்கை இன்னொரு இடத்துக்கு காப்பி பேஸ்ட் பண்றவங்க கடைசில இருக்கிற ரிட்டர்ன் வரியை முதல்ல பாருங்க.

கேள்வி: சிக்ஹப் சிக்னல் (கான்ஃபிக்கை மறுபடி படின்னு டீமனுக்குச் சொல்றது) வந்தா, அந்த ஹேண்ட்லர்லயே கான்ஃபிக் படிச்சு கால்பேக் எல்லாத்தையும் கூப்பிட்டுடலாமா? டெஸ்ட்ல வேலை செய்யுது.

பதில்: வேண்டாம். மெயின் ப்ரோக்ராம் மாலாக் (மெமரி கேட்டு வாங்குற ஃபங்ஷன்) நடுவுல இருக்கும்போது சிக்னல் வந்து, ஹேண்ட்லரும் மாலாக்குக்குள்ள போனா அங்கேயே மாட்டிக்கும். டெஸ்ட்ல அந்த நொடி அமையாது, அவ்வளவுதான். ஹேண்ட்லர்ல ஒரு ஃப்ளாகை ஏத்துங்க, வகை வாலட்டைல் சிக் அடாமிக் டி (volatile sig_atomic_t), மெயின் லூப் ஒரு சுத்து முடிஞ்சதும் அதைப் பார்த்துட்டு நிதானமா படிக்கட்டும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரும் இப்படித்தான் பண்ணுது, மாஸ்டர் ப்ராசஸ் புது கான்ஃபிக்கை முழுசா படிச்சுப் பார்த்து, தப்பிருந்தா பழசுலயே தொடர்ந்து ஓடும், சரியா இருந்தா புது ஒர்க்கர்களைக் கிளப்பிட்டு பழைய ஒர்க்கர்களை கைல இருக்கிற ரிக்வெஸ்டை முடிச்சிட்டுப் போகச் சொல்லும்.

கேள்வி: கமாண்ட் லைன் ஆப்ஷன் படிக்கிற பைத்தான் கிளிக் லைப்ரரில கான்ஃபிக்னு ஒரு ஆப்ஷன், அதோட கால்பேக்ல பைலைப் படிச்சு டீஃபால்ட் மேப்பை (குடுக்காத ஆப்ஷனுக்கு எடுத்துக்கிற மதிப்புகள்) நிரப்புறேன். கமாண்ட் லைன்ல அந்த ஆப்ஷனைக் குடுத்தா வேலை செய்யுது, குடுக்காம விட்டு டீஃபால்ட் பைலை நம்பினா செய்யாம போகுது.

பதில்: ஈகர்னு ஒரு செட்டிங் இருக்கு, அந்த ஆப்ஷனுக்கு ட்ரூ போடுங்க. கிளிக் ஆப்ஷன்களை நீங்க கமாண்ட் லைன்ல குடுத்த வரிசைல எடுத்துக்கும், குடுக்காதது எல்லாம் அப்புறம், கோடுல டிஃபைன் பண்ண வரிசைல, ஈகர் மட்டும் எல்லாத்துக்கும் முன்னாடி. கான்ஃபிக் பைலையே யாரும் குடுக்கலன்னாலும் டீஃபால்ட் பைலைப் படிக்கணும்னு வச்சிருந்து, கான்ஃபிக் ஆப்ஷனை மத்ததுக்கு அப்புறம் டிஃபைன் பண்ணியிருந்தீங்கன்னா ஈகர் இல்லாம நடக்காது.

கேள்வி: மினிமம் கனெக்ஷன், மேக்ஸிமம் கனெக்ஷன்னு ரெண்டு பராமீட்டர். மினிமம் கால்பேக்ல மேக்ஸிமத்தை விட பெருசான்னு பார்க்கிறேன். இப்போ 5-10 இருக்கிறதை 20-40 ஆக்க முடியல, மினிமம் வரி மேல இருக்கிறதால 20 வந்தவுடனே பழைய 10-ஐப் பார்த்து வேண்டாம்னுடுது.

பதில்: ஒரு பராமீட்டரோட கால்பேக்குக்கு அந்த ஒரு மதிப்பைப் பத்திதான் பேச உரிமை இருக்கு: நம்பரா, நெகட்டிவா, அளவுக்குள்ள இருக்கா, அவ்வளவு. இன்னொரு பராமீட்டரோட இப்போதைய மதிப்பைப் பார்த்தா அது பழசா புதுசான்னு அதுக்கே தெரியாது. முதல் கேள்வில சொன்ன மாதிரி எல்லாத்தையும் புது ஸ்ட்ரக்ட்ல வாங்கிட்டு, ரெண்டையும் சேர்த்து ஒரே இடத்துல செக் பண்ணுங்க.

ஓடிட்டு இருக்கும்போது கமாண்ட் வழியா மாத்துறதுன்னா ரெண்டையும் ஒரே கமாண்ட்ல வாங்குற வசதி வேணும், இல்லாட்டி மேக்ஸிமத்தை முதல்ல ஏத்து, குறைக்கிறப்ப மினிமத்தை முதல்ல இறக்குன்னு யூசருக்குப் பாடம் எடுக்கணும். ரெடிஸ் டேட்டாபேஸோட 2022-ல வந்த 7.0 வெர்ஷன்ல கான்ஃபிக் செட் கமாண்டுக்கு இதைத்தான் கொண்டு வந்தாங்க, ஒரே கமாண்ட்ல எத்தனை பராமீட்டர் வேணும்னாலும் குடுக்கலாம், முதல்ல எல்லா மதிப்பையும் எழுதிட்டு அப்புறம்தான் அப்ளை ஃபங்ஷன்களைக் கூப்பிடும், ரெண்டு பராமீட்டருக்கு ஒரே அப்ளை ஃபங்ஷன்னா ஒரு தடவை மட்டும், நடுவுல ஏதாவது தோத்துச்சுன்னா எல்லாத்தையும் பழைய மதிப்புக்குத் திருப்பிடும். உங்க ப்ரோக்ராமுக்கு இவ்வளவு வேணாம்னா, எர்ரர் மெசேஜ்லயாவது ரெண்டு பராமீட்டரோட பேரையும் ரெண்டு மதிப்பையும் போடுங்க, "தவறான மதிப்பு 20"ன்னு மட்டும் வந்தா அதைப் படிக்கிறவர் 20-ல என்ன தப்புன்னு தலையைப் பிச்சுக்குவாரு.