மார்கழியில் அரிவாளை எடுக்கும் முன்

மழை ஓய்ந்து, விடிகாலையில் பனி இறங்க ஆரம்பித்தால் போதும், வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்வியோடு வந்துவிடுகின்றன: "இப்போ வெட்டலாமா?" இந்த மாதம் பக்கம் முழுவதையும் கவாத்துக்கே, அதாவது செடி, மரங்களை அளவறிந்து வெட்டிவிடுவதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தோட்டம் காரமடையில். பிறந்து வளர்ந்தது கோத்தகிரிப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில். அப்பா கவாத்து ஆள். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குவார்கள். வெட்டி முடித்ததும் ஒவ்வொரு வெட்டு வாயையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார் அப்பா. வழவழவென்று இருக்க வேண்டும். நார் பிசிறியிருந்தால் கத்தியை மறுபடி சாணையில் தீட்டப் போய்விடுவார். வீட்டுச் செடியில் நான் கை வைக்கும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "பூ எந்த வாதுல உட்காரும்னு பார்த்தியா?" வாது என்றால் கிளை. கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பன்னிரண்டு வயது மாமரம். ஒரு கிளை பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்துவிட்டது. ஆள் வந்திருக்கிறார், இந்த வாரமே மரத்தைச் சுற்றிலும் கழித்துவிடலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

வேண்டாம் ஐயா. அந்த ஒரு கிளையை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு ஆளை அனுப்பிவிடுங்கள்.

மாவுக்குப் பூ நுனியில்தான் வரும். மழைக்காலத்துக்குள் துளிர்த்து, முற்றி, கரும்பச்சையாகிவிட்ட கிளையின் நுனி மொட்டுதான் மார்கழி, தை மாதங்களில் பூங்கொத்தாக வெடிக்கிறது. இப்போது போய் ஒரு கிளையின் நுனியை விரலால் தொட்டுப் பாருங்கள். மொட்டு கொஞ்சம் உப்பியிருக்கும். சுற்றிலும் கழித்தால் இந்த வருஷத்துப் பழத்தைக் கழித்தீர்கள் என்று அர்த்தம். போதாததற்கு, வெட்டிய இடத்தில் மரம் இலைத் துளிரைத் தள்ளும். பூவுக்குச் சேர்த்து வைத்த சத்து அதில் போய்விடும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம், மாமியார் ஊருக்குப் போயிருந்த நேரத்தில், கிணற்றடியில் நின்ற நாட்டு மாவை மார்கழிக் கடைசியில் ஆள் வைத்து வட்டமாகக் கழித்தேன். பார்க்க அழகாக இருந்தது. மாசி முடிந்தும் மரத்தில் வடு இல்லை. வருஷா வருஷம் மாவடு போடும் பீங்கான் ஜாடி அந்த ஆண்டு பரணிலிருந்து இறங்கவே இல்லை. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் மனதில் இருக்கிறது.

மாவுக்குக் கவாத்து, காய் பறித்து முடிந்த கையோடு. உங்கள் பக்கம் ஆடி, ஆவணி. உள்ளே வெயில் புகும்படி நடுவில் நெருக்கமாகப் போகும் கிளைகளையும், காய்ந்தவற்றையும், ஒன்றோடொன்று உரசுபவற்றையும் அப்போது எடுங்கள். பிறகு வரும் துளிர் மார்கழிக்குள் முற்றப் போதுமான நாள் கிடைக்கும்.

ஓட்டின் மேல் சாய்ந்த கிளையை எடுப்பதில் ஒரு முறை உண்டு. ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் பாதி அறுக்கும்போதே கிளை கனத்தில் முறிந்து, தாய்மரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கமிருந்து கால்வாசி ஆழத்துக்கு ரம்பம் போடுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுங்கள். கிளை சுத்தமாக விழுந்துவிடும். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியாக எடுக்கலாம். அதை மரத்தோடு ஒட்டிச் சீவக் கூடாது. கிளை மரத்தோடு சேரும் இடத்தில், சட்டைக் கையின் மடிப்பு போல ஒரு தடிப்பு தெரியும். அந்தத் தடிப்பு மரத்தின் பங்கு. அதற்கு வெளியே அறுங்கள். காயத்தை மூடும் பட்டை அங்கிருந்துதான் உருண்டு வரும். கிளையைக் கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்கள், ஓடு உங்களுடையது இல்லையே.

வெட்டிய இடத்தில் சாணி அப்பலாமா, பெயின்ட் அடிக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

இரண்டும் வேண்டாம் அம்மா. அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒருவர் இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆயின என்று பார்த்தவர். நம் தோல் ஆறுவது போல மரம் ஆறுவதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, வெளியே புதுக் கட்டை போட்டு மூடிக்கொள்கிறது என்று காட்டியவர். பெயின்ட் அடித்தால் அழுகல் நிற்காது என்பதையும் அவர்தான் அழுத்திச் சொன்னார். தடிப்பைச் சேதப்படுத்தாமல் வெட்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் அவர் வழிதான். சுண்டுவிரல் கனக் குச்சிக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை.

கை மணிக்கட்டைவிடப் பெரிய வெட்டு, அதுவும் மழை முழுக்க விடாத மாதம் என்றால் நம் ஊர்த் தோட்டக்கலைக்காரர்கள் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை தடவச் சொல்வார்கள். மாவுக்கு நானும் தடவுகிறேன். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி, ஆறிய பின் இரண்டையும் சேர்த்துக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. சுத்தமான கத்தி ஒன்றை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் மல்லிகை. நாலு வருஷம் ஆகிறது. ஆளுயரத்துக்குப் படர்ந்து கிடக்கிறது, பூ மட்டும் விரல் விட்டு எண்ணலாம். வெட்ட மனசு வரவில்லை அக்கா. (வாசகி, மதுரை)

மல்லிக்குப் பேர்போன ஊரிலேயே இருந்துகொண்டு மனசு வரவில்லை என்கிறாயே கண்ணு! உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஒரு மல்லித் தோட்டத்தைக் கார்த்திகைக் கடைசியில் போய்ப் பார். வரிசை வரிசையாக மொட்டைக் குச்சிகள்தான் நிற்கும். நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டு என்பதுதான் குண்டுமல்லிக்குச் சொல்லும் கணக்கு. பனிக்காலத்தில் மல்லி எப்படியும் அதிகம் பூக்காது. அதனால்தான் பொங்கல் சமயம் கிலோ விலை ஆயிரங்களில் ஏறுகிறது. செடி சும்மா இருக்கும் நேரத்தில் வெட்டினால் நமக்கும் நஷ்டமில்லை, அதற்கும் வலியில்லை.

மாவுக்கு நேர்மாறு இது. மல்லி மொட்டு புதிதாக ஓடும் பக்கக் கிளையின் நுனியில்தான் கட்டும். நாலு வருஷத்துப் பழைய கொடியில் அது உட்காராது. உன் செடி படர்வதிலேயே சக்தியைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

வாரம் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதே. மார்கழி முதல் பாதிக்குள் முடித்துவிடு. நாலைந்து நாள் தண்ணீரை நிறுத்து. பிறகு முழங்கால் உயரத்துக்கு எல்லாக் கொடியையும் வெட்டு. காய்ந்த குச்சி, பென்சிலைவிட மெலிந்த நோஞ்சான் குச்சி, இவற்றை அடியோடு எடுத்துவிடு. மிச்சமிருக்கும் இலைகளையும் கையால் உருவிவிடலாம். அன்றைக்கு மாடிக்குப் போனால் வயிற்றைப் பிசையும், தெரியும். மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் போட்டு, அப்புறம் தண்ணீர் விடு. இரண்டு மூன்று வாரத்தில் கணுவுக்குக் கணு செம்பச்சையாக அரிசி முனை போலத் துளிர் எட்டிப் பார்க்கும். மாசி, பங்குனியில் பூக் கட்ட நார் வாங்கிக்கொள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: அந்த மூலையில் நாள் முழுக்க வெயில் விழுகிறதா? நிழலில் இருந்தால் எத்தனை கவாத்து செய்தாலும் இலைதான்.

முல்லை வைத்திருப்பவர்கள் பொறுங்கள். அதற்கு ஜனவரி கடைசி வாரம்.

ரோஜா? (பல வாசகர்கள்)

சமவெளியில் ஐப்பசியிலேயே முடித்திருக்க வேண்டும். விட்டுப் போயிருந்தால் இப்போது லேசாக மட்டும்: காய்ந்தது, நோய் பட்டது, உள்நோக்கி வளர்வது. வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சாய்வாக. ஊட்டி ரோஜாப் பூங்காவில் பனிக்காலத்தில் வெட்டுவதைப் பார்த்துவிட்டு நாமும் செய்யலாமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அங்கே மே மாதக் கோடை விழாவுக்குப் பூ வேண்டும், அதற்கு ஏற்ற கணக்கு அது.

எங்கள் பழைய பிளம்ஸ் மரத்தைப் போன மார்கழியில் ஒருவர் கவாத்து செய்தார். கிளைகளில் இருந்த குட்டைக் குச்சிகளை எல்லாம் வழித்துச் சுத்தமாக்கிவிட்டார். இந்த வருஷம் பழமே இல்லை. மரம் போய்விட்டதா? (வாசகர், கோத்தகிரி)

என் ஊர்க் கடிதம். மரம் போகவில்லை அண்ணா, பழம்தான் போயிற்று.

மாதம் சரி. மலையில் பிளம்ஸ், பேரி, பீச் எல்லாம் இலை கொட்டித் தூங்குவது மார்கழி, தையில்தான். உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும் காலையில்கூட இந்த மரங்கள் ஒன்றும் ஆகாமல் நிற்கும். இலை இல்லாததால் எந்தக் கிளை எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும். கை தவறியது எதை வெட்டினார் என்பதில்.

ஒரு கிளையை அருகில் போய்ப் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாமல், தோல் சுருங்கி, வளையம் வளையமாக, கிழவியின் விரல் போலக் கட்டைகட்டையாகக் குச்சிகள் ஒட்டியிருக்கும். நுனியில் உருண்டையாக நாலைந்து மொட்டுகள். காய்ந்த குச்சி என்றே நினைக்கத் தோன்றும். பழம் வருவது அவற்றில்தான். ஒரு வருஷம் வந்துவிட்டுப் போகிறவை இல்லை, பல வருஷம் அதே இடத்தில் காய்க்கும். வழித்துவிட்டால் மறுபடி உருவாக இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். பேரிக்கும் இதே கதை. பீச் மட்டும் வேறு. போன வருஷம் வளர்ந்த, சிவப்பேறிய நீளக் குச்சியில்தான் அதற்குப் பூ. ஆகவே பீச்சை ஆண்டுதோறும் கொஞ்சம் தாராளமாகவே வெட்டலாம். மூன்றையும் ஒரே கையால் வெட்டுகிறவரிடம்தான் இந்த மாதிரி நடக்கிறது.

இந்தத் தையில் இதைச் செய்யுங்கள். கிளைகளின் மேல்பக்கம் ஈட்டி போல நேராக எழுந்திருக்கும் நீர்ப்போத்துகளை அடியோடு எடுங்கள், கடுமையாக வெட்டிய மரத்தில் அவை ஏராளமாக இருக்கும். சாய்வாக வெளியே போகும் இளங்கிளைகளை விட்டுவிடுங்கள். புதுக் குட்டைக் குச்சி கட்டுவது அவற்றில். மரத்தின் நடு கிண்ணம் போலத் திறந்திருந்தால் போதும். அடுத்த முறை ஆள் வருவதற்கு முன், வெட்டக் கூடாத குச்சி ஒன்றில் சிவப்பு நூல் கட்டிக் காட்டிவிடுங்கள். அப்பா புது ஆட்களுக்கு அப்படித்தான் காட்டுவார்.

முருங்கை கூரைக்கு மேல் போய்விட்டது. (வாசகர், அரவக்குறிச்சி)

காய் முடிந்ததும் தயங்காமல் வெட்டுங்கள். விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கையைத் தரையிலிருந்து மூன்றடியில் வெட்டிவிட்டால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். கிளையில் யாரையும் ஏற்றாதீர்கள், முருங்கை சொல்லாமல் முறியும்.

மகள் வீட்டில் தொட்டிக் கறிவேப்பிலை. ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறோம். இலையெல்லாம் கொட்டிவிட்டது. வெட்டிவிட்டால் துளிர்க்குமா? (வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

காரமடைக்காரியிடம் கறிவேப்பிலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். இங்கே நாங்கள் வருஷம் முழுக்க வெட்டுவோம், வெட்ட வெட்டத்தான் அது தழையும். ஆனால் உங்கள் ஊரில் இப்போது வெயில் குறைவு, பகல் சிறிது. இலை கொட்டுவது அது தூங்கப் போகும் வழி. இப்போது வெட்டினால் எழுப்பிவிட்டுச் சோறு போடாத கதை.

கத்தரியை வைத்துவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே விடுங்கள். தூங்கும் செடி பெரும்பாலும் சாவது ஈரம் தேங்கி வேர் அழுகித்தான். ஹீட்டர் காற்று நேரே படாமல், இருப்பதிலேயே வெளிச்சமான ஜன்னலுக்கு மாற்றுங்கள். மார்ச் கடைசியில் பகல் நீண்ட பிறகு தண்டில் நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிகிற இடம் வரை விட்டு, அதற்கு மேலே காய்ந்ததை வெட்டுங்கள். எந்த உயரத்தில் பச்சை நின்றது என்று எனக்கு எழுதுங்கள், உரம் என்ன போடலாம் என்று அப்போது சொல்கிறேன்.