சொகுசுக் கார் லீசிங்: மாசக் கட்டுக்காசு மட்டும்தான் செலவெண்டு நினைக்காதீங்க

ஒரு கிழமையா கனபேர் ஒரே விசயத்தத்தான் கேக்கிறீங்க, பிஎம்டபிள்யூ, பென்ஸ் மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் லீசிங்கில எடுக்கலாமா, எடுத்தா வெச்சு சமாளிக்கலாமா எண்டு. நான் ஒரு லீசிங் கம்பெனில 9 வருசம் ரெக்கவரிப் பக்கம், அதாவது கட்டாம விட்டவங்கட்ட காசு அறவிடுற, காரைப் பிடிக்கிற வேலையில நிண்டவன், மறுகா 2016 தொடக்கம் சொந்தமா ஒரு பிஎம்டபிள்யூ 520டி ஓடினன், இப்ப ஒரு 318ஐ. காசு குடுக்கிற பக்கத்தையும் கட்டுற பக்கத்தையும் பார்த்த ஆள் எண்டதால தெரிஞ்சத ஒளிக்காமச் சொல்றன்.

ஆரையம்பதித் தம்பி: அண்ண, ஒரு கோடி ரூபாக்கு ஒரு 318ஐ பார்த்து வெச்சிரிக்கன், பாதி கையில இரிக்கு, மிச்சம் 50 லட்சம் லீசிங் போடணும். ஒரு இடத்தில 8 வீதம் எண்டுறாங்க, இன்னொரு இடத்தில 14 எண்டுறாங்க. 8 ஐ எடுக்கட்டா?

சைன் வைக்கிறதுக்கு முதல் கேட்டது நல்லம் தம்பி. அந்த 8 ஃப்ளட் ரேட்டா இரிக்கும், நல்லா விசாரிங்க. ஃப்ளட் எண்டா நீங்க பாதிக் கடன் கட்டி முடிச்ச பிறகும் முழு 50 லட்சத்துக்கும் வட்டி போட்டுக்கொண்டே போறது. 50 லட்சத்துக்கு 8 வீதப்படி 5 வருசத்துக்கு 20 லட்சம் வட்டி, மொத்தம் 70 லட்சம், 60 ஆல பிரிச்சா மாசம் 116,667 ரூபா. இப்ப மற்றவன் சொன்ன 14 ஐ, கட்டக் கட்டக் குறையிற மீதிக் கடனுக்கு மட்டும் போட்டுப் பாருங்க, மாசம் 116,300 சொச்சம் வரும். பார்த்தீங்களா, 8 உம் 14 உம் ஒரே விலைதான், 14 எண்டு சொன்னவன்தான் 300 ரூபா மலிவு. அதால வீதத்தக் கேக்காதீங்க, ரெண்டு இடத்திலயும் மாச ரெண்டல், அதான் கட்டுக்காசு, எவ்வளவு, எத்தனை மாசம், டொக்கியுமெண்ட் சார்ஜ் எவ்வளவு, முழுக்கக் கட்டி முடிக்கக்குள்ள எவ்வளவு எண்டு எழுத்தில வாங்கி பக்கத்துப் பக்கத்தில வெச்சுப் பாருங்க. இதே 14 வீதத்தில 3 வருசத்துக்குப் போட்டீங்க எண்டா மாசம் 171,000 க்கு கிட்ட வரும், ஆனா வட்டி 20 லட்சத்தில இருந்து பதினொண்டரை லட்சத்துக்கு இறங்கிரும்.

இன்னொண்டு, லீசிங்காரன் பார்க்கிறது விக்கிறவர் சொல்ற விலைய இல்ல, காரைப் பார்த்து விலை மதிக்கிற வெலுவேஷன்காரர் எழுதித் தாற விலைய. அதில எத்தனை வீதம் குடுக்கலாம் எண்டு மத்திய வங்கி எல்லை போடும், அது இடைக்கிடை மாறும். வெலுவேஷன் 85 லட்சம் எண்டு வந்தா உங்கட 50 லட்சக் கணக்கு உடையலாம், அதால வெலுவேஷன் வாறதுக்கு முதல் அட்வான்ஸ் காசு பெரிசா குடுத்திராதீங்க.

அதே தம்பி: மாசம் 116,000 கட்ட எனக்கு ஏலும் அண்ண. அப்ப எடுக்கலாம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எழுதவே வந்த. ரெண்டல் எண்டது, காரிட மொத்தச் செலவில ஒரு பங்குதான். நான் மாசம் 45,000 ரூபாய வேற எக்கவுண்டில போட்டு வைக்கிறன், இன்சூரன்ஸ், லைசன், சேர்விஸ், ரயர், உடையிற சாமான் எல்லாத்துக்கும் அதுதான், வேற எதுக்கும் தொடுறயில்ல. வருசத்துக்கு 540,000 வரும். போன வருசம் நாலு ரயர், பிறேக் பேட், முன் டிஸ்க், கியர்பொக்ஸ் ஒயில் எண்டு எல்லாம் ஒரே வருசத்தில வந்து விழுந்திச்சு, கடைசியில அதில 30,000 தான் மிஞ்சிச்சு. மறுகா பெற்றோல். மாசம் 1,000 கிலோமீற்றர், லீட்டருக்கு 10 எண்டு வெச்சா 100 லீட்டர், லீட்டர் 350 எண்டு கணக்குக்கு வெச்சா 35,000. இப்ப கூட்டுங்க, 116 உம் 45 உம் 35 உம், மாசம் 196,000.

கார் பழசாகி விலை இறங்கலாம், ஆனா பார்ட்ஸ் விலை புதுக் காரிட விலைக்குத்தான் நிக்கும், அத மறக்காதீங்க. நான் ஒரு வழி சொல்றன், காரைத் தொடுறதுக்கு முதல் மூணு மாசம், ஒவ்வொரு மாசமும் 1 ஆம் திகதி 196,000 ஐ எடுத்து பேங்கில போடுங்க. பிள்ளைட டியூஷன் காசு, வீட்டுச் சாமான், கலியாணம் சடங்கு எல்லாம் வழமை போல நடக்கட்டும். மூணாவது மாசமும் அந்தக் காசத் தொடாம இரிக்க ஏலுமெண்டா எடுங்க, 588,000 ரூபா கையிருப்போட எடுப்பீங்க. ஒரு மாசம் தடுமாறினீங்க எண்டா காரில்லாமலே விசயம் விளங்கிரும். ரெக்கவரில இரிக்கக்குள்ள ஒரு வீட்ட போனன், பொம்புள ஒருத்தி வாசல்ல நிண்டுகொண்டு கார்த் திறப்பக் கையில தந்தா, ஒண்டும் பேசயில்ல, பின்னால சின்னப் பிள்ள ஒண்டு ஸ்கூல் பேக்க சீட்டில இருந்து எடுக்க ஓடி வந்திச்சு. ரெண்டல் கட்டிக்கொண்டுதான் இருந்தவங்க, ஒரு கியர்பொக்ஸ் போனதுதான் அந்த வீட்டக் கவுத்த.

கல்முனையில இருந்து ஒரு சகோதரர்: காக்கா, வட்டிக்கு எடுக்க விருப்பமில்ல. இஜாரா எண்டு சொல்றாங்களே, அது எப்பிடி?

இஜாராவில நிறுவனம் காரை வாங்கி தன்ட பேரில வெச்சு உங்களுக்கு வாடகைக்குத் தரும், காலம் முடிய உங்கட பேருக்கு மாத்தித் தரும். கையில வாற மாசக் காசு சாதாரண லீசிங்குக்கு கிட்டத்தான் இரிக்கும், மலிவெண்டு நினைச்சு எடுக்காதீங்க, உங்கட மனசுக்காக எடுங்க. சுணங்கிக் கட்டினா வாற தண்டக் காச அவங்க வருமானமா எடுக்காம தர்மத்துக்குக் குடுக்கிறது வழமை, அது ஒப்பந்தத்தில எழுதி இரிக்கா, பெரிய திருத்தம் வந்தா ஆர் பொறுப்பு, ரெண்டையும் கேளுங்க. பராமரிப்புக் கணக்கு உங்களுக்கும் அதேதான் தம்பி.

செங்கலடி வாசகர்: 318ஐ, சி180, 520டி, 330ஈ, இதில எது நம்மட பக்கத்துக்கு நல்லம்?

2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டு 2025 பெப்ரவரி 1 தான் தனியார் வாகனத்துக்குத் திறந்த. அந்த அஞ்சு வருச இடைவெளியாலதான் 2014, 2015 கார்களுக்கும் இன்னும் இந்த விலை. நம்மட கையில வாறது பெரும்பாலும் இந்த வயசுக் கார்கள்தான், அதால மொடல் பேர விட எஞ்சினப் பாருங்க.

318ஐ இல, 2015 இல மொடல மாத்தின பிறகு வந்தது 1.5 லீட்டர் மூணு சிலிண்டர் டேர்போ, 136 குதிரைவலு. மூணு சிலிண்டரா எண்டு முகம் சுழிக்கிறவங்க இரிக்காங்க, ஆனா பிஎம்டபிள்யூட ஐ8 ஸ்போர்ட்ஸ் காரில இரிக்கிறதும் இதே குடும்ப எஞ்சின்தான், நம்மட ரோட்டுக்குத் தாராளம். பென்ஸ் சி180 இல 1.6 டேர்போ, இருந்து போறதுக்கு அது இன்னும் சொகுசு, ஓட்டுறதுக்கு எனக்கு பிஎம்டபிள்யூதான். 520டி எடுக்கிறதெண்டா 2010, 2011 வண்டிகளில கவனம், அந்த என்47 எஞ்சினில டைமிங் செயின் எஞ்சினுக்குப் பின்னால கியர்பொக்ஸ் பக்கம் இரிக்கு, அது தேஞ்சு அறுந்தா எஞ்சின் போயிரும், மாத்துறதுக்கும் பெரிய கழட்டல் வேலை. வெள்ளாப்பில, எஞ்சின் குளிர்ந்து கிடக்கக்குள்ள போங்க, விக்கிறவர் முதலே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிரிந்தா திரும்பி வந்து இன்னொரு நாள் போங்க. ஸ்டார்ட் பண்ணின உடன பின் பக்கமிருந்து சங்கிலி உரசிற மாதிரிச் சத்தம் கேட்டா விட்டிருங்க. டீசல் எண்டா சுப்பர் டீசல்தான் அடிக்கணும், ஓட்டோ டீசலில கந்தகம் கூட, கட்டை ஓட்டமா ஊருக்குள்ளயே ஓடினா புகை வடிகட்டி அடைக்கும்.

330ஈ ஹைபிரிட் எடுக்கிறவங்க முழுக்க சார்ஜ் ஏத்தி எத்தனை கிலோமீற்றர் காட்டுது எண்டு பாருங்க, புதுசில கம்பெனி சொன்னது 40 க்கு கிட்ட. பாதியும் காட்டாட்டி அந்த பற்றரிட விலையக் கார் விலையில கழிச்சுத்தான் பேசணும்.

எதை எடுத்தாலும் எஞ்சினக் குளிர வைக்கிற கூலன்ட் சாமான்களப் பாருங்க. நான் 520டி எடுத்து ரெண்டாவது வருசம், கொழும்பில இருந்து வரக்குள்ள புணானை தாண்டி ராவு பத்து மணி, டெம்பரேச்சர் லைட் சிவப்பாகிட்டு. யானை கடக்கிற ரோட்டு, எஞ்சின நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் உள்ளுக்கயே இருந்தன், பழுதான காரை ஏத்திற கரியர் வண்டி வந்து வாழைச்சேனைக்கு ஏத்திச்சு. விடிய கராஜ் பாஸ் அந்த கூலன்ட் டேங்கக் கழட்டி என்ட கையில வெச்சார், வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகி, விரலால அமத்தினா பிஸ்கட் மாதிரி உதிருது. சூட்டில பழசான பிளாஸ்டிக் எல்லாம் இப்பிடித்தான். சிவப்பு லைட்டோட வீடு வரைக்கும் ஓட்டியிருந்தா எஞ்சின் ஹெட்டும் போயிருக்கும். இப்ப டேங்க், ஹோஸ், தெர்மோஸ்டட் மூண்டையும் பழுதாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இரிக்கிறயில்ல, வாங்கின முதல் மாசமே மாத்திருவன்.

காத்தான்குடி வாசகர்: ரயர் விலை கேட்டு தலை சுத்துது. சாதா ரயர் போடலாமா?

பக்கவாட்டில ஆர்எஸ்சி எண்டு எழுதியிரிந்தா அது ரன்ஃப்ளட், காத்துப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்தில 80 கிலோமீற்றர் தூரம் ஓடும், அதாலதான் கனக்க பிஎம்டபிள்யூவில ஸ்பெயார் வீலே இல்ல. சாதா ரயர் போட்டா ஓட்டம் மெதுமையா இரிக்கும், விலையும் குறையும், ஆனா டிக்கியில பம்பும் பஞ்சர் கிட்டும் வெச்சிக்கொள்ளணும், ஹபரணை ரோட்டில ராவில நிண்டா உதவிக்கு ஆளில்ல. பிஎம்டபிள்யூட எம் ஸ்போர்ட் வகையில முன்னுக்கு 225, பின்னுக்கு 255 எண்டு ரயர் அகலம் வேற வேறயா இரிந்தா முன் பின் மாத்திப் போட ஏலாது, பின் ரயர் கெதியா முடியும், அந்தக் கணக்கையும் போடுங்க. ரயர் வாங்கக்குள்ள நாலு இலக்கத்தப் பாருங்க, 2319 எண்டா 2019 இல 23 ஆவது கிழமை செஞ்சது. கடையில புதுசா மினுங்கினாலும் பழசு பழசுதான்.

கல்லடி அக்கா: இவர் கட்டாரில, காசு அனுப்புறார். லீசிங் என்ட பேரில எடுக்கலாமா தம்பி?

எடுக்கலாம் அக்கா, அவர் அனுப்புற காசு ஒழுங்கா உங்கட பேங்க் எக்கவுண்டுக்கு வந்த ஸ்டேட்மென்ட், அவர்ட வேலைக் கடிதம், பிணை நிக்க ரெண்டு கரண்டர் கேப்பாங்க. லீசிங் முடியும் வரைக்கும் காரிட பதிவுப் புத்தகமான சீஆர் புக்கில முழு உரித்தாளர் கம்பெனிதான், விக்கவோ பேர் மாத்தவோ அவங்க சம்மதம் வேணும். ஒண்டு மட்டும் கவனமா யோசிங்க, அவர்ட கொன்ட்ராக்ட் ரெண்டு வருசம், உங்கட லீசிங் அஞ்சு வருசம். கொன்ட்ராக்ட் முடிஞ்சு அவர் வந்து ஆறு மாசம் வீட்டில இருந்தா ரெண்டல் எங்கால வரும்? அந்த ஆறு மாசக் காசு தனியா இரிந்தா தைரியமா எடுங்க. கடல் காத்து வீட்டுக்கு வாற இடம் உங்கட, மாசத்துக்கு ரெண்டு தரம் காருக்கு அடிப்பக்கம் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவச் சொல்லுங்க.

வாழைச்சேனை வாசகர்: மாரியில வெள்ளத்துக்க ஓட்டலாமா?

வேணாம். இந்தக் கார்கள் நிலத்தோட பதிஞ்சது, எஞ்சினுக்குக் காத்து எடுக்கிற இடத்தால தண்ணி உள்ளுக்குப் போனா எஞ்சினுக்குள்ள பிஸ்டனப் பிடிச்சிரிக்கிற கொன்றொட் வளைஞ்சிரும். தண்ணிக்க நிண்டிட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேணாம், தள்ளி எடுத்து கரியரில ஏத்துங்க. ஃபுல் இன்சூரன்ஸ் லீசிங்குக்குக் கட்டாயம்தான், ஆனா வெள்ளம் அதுக்குள்ள இரிக்கா எண்டு கார்த்திகைக்கு முதல் பத்திரத்த வாசிச்சுப் பாருங்க.

டொரோண்டோ மருமகன்: மாமா, இஞ்ச 3 சீரிஸ் லீஸ் மாசக் காசு குறைவாத் தெரியுது. எடுக்கவா?

மருமகன், அங்க லீஸ் வேற, இஞ்ச லீசிங் வேற. இஞ்ச கடைசி ரெண்டலோட கார் நம்மட. அங்க நீங்க கட்டுறது கார் அந்த 3, 4 வருசத்தில இழக்கிற பெறுமதியும் வட்டியும் மட்டும், முடிய திருப்பிக் குடுக்கணும், இல்லாட்டி ஒப்பந்தத்தில எழுதின மிச்ச விலை குடுத்து வாங்கணும். வருசத்துக்கு இத்தனை கிலோமீற்றர் எண்டு எல்லை போடுவாங்க, தாண்டினா ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் காசு. வேலைக்கு தூரம் ஓடுறவர் நீங்க, முதலே கூடின எல்லைக்கு எழுதுறது மலிவு. ஸ்னோ ரயரும் ரிம்மும் கணக்கில சேருங்க.

அக்கரைப்பற்று வாசகர்: மூணு ரெண்டல் பின்னுக்குப் போச்சு. சீஸ் பண்ணிப் பிடிச்சிருவாங்களோ எண்டு காரை சொந்தக்காரர் வீட்டில ஒளிச்சு வெச்சிரிக்கன்.

தம்பி, இண்டைக்கே காரை வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஒளிக்கிறதால கரண்டர்மாருக்குத்தான் முதல் கடிதம் போகும், சொந்தபந்தமும் முறிஞ்சிரும். நாளைக்குக் காலம காலமயே பிராஞ்சுக்குப் போங்க, ஒரு ரெண்டலுக்காவது காசோட போங்க, மனேஜரக் கண்டு காலத்தக் கூட்டி ரெண்டலக் குறைச்சு எழுத ஏலுமா எண்டு கேளுங்க, கேட்டத எழுத்திலயும் குடுத்து கொப்பியில சீல் வாங்குங்க. அதோட செட்டில்மென்ட் தொகை, அதாவது கடன இப்பவே முழுக்க அடைக்க எவ்வளவு எண்டு எழுத்தில கேளுங்க. அந்தத் தொகைய விட கார் விலை கூட எண்டா நீங்களே ஆளைத் தேடி வித்து அடைச்சிருங்க, அவங்க பிடிச்சு ஏலத்தில விட்டா வாற விலை குறையும், மிச்சக் கடனும் உங்கட தலையிலதான். நியாயமில்லாம நடந்தா மத்திய வங்கிக்கு 1935 எடுத்துச் சொல்லலாம், திருகோணமலையிலயும் அவங்கட பிராந்திய அலுவலகம் இரிக்கு. நான் இத எத்தனையோ வீட்டில பார்த்தவன், மூணு ரெண்டல் கட்டத்தில வந்து பேசின ஆக்களுக்கு வழி இருந்திச்சு.

ஏறாவூர் வாசகர்: கியர்பொக்ஸ் ஒயில் வாழ்நாளுக்கு மாத்தத் தேவையில்லையாம், உண்மையா?

இல்ல. பிஎம்டபிள்யூவில வாற 8 கியர் பெட்டியச் செய்யிற இசட்எஃப் கம்பெனியே 80,000 தொடக்கம் 120,000 கிலோமீற்றருக்குள்ள மாத்தச் சொல்லுது. அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, அதையும் சேர்த்து மாத்துங்க. எஞ்சின் ஒயிலுக்கு கார் 25,000 எண்டு காட்டினாலும் நான் 8,000 தாண்ட விடுறயில்ல, நம்மட வெக்கைக்கும் புழுதிக்கும் அதுதான் சரி. பற்றரி மாத்தினா ஸ்கேனர் போட்டு புதுப் பற்றரியக் காருக்குப் பதிஞ்சு விடச் சொல்லுங்க, பதியாம விட்டா பழசுக்கு ஏத்தின மாதிரியே ஏத்திப் புதுசையும் கெடுத்திரும். ஸ்கேனர் இல்லாத கராஜில மாத்த வேணாம்.