பாட்டியின் ட்ரங்குப் பெட்டி

அன்புள்ள ஐயா,

குன்னூரில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்கிறோம். தாத்தா நகராட்சி கவுன்சிலராக இருந்தவர். பாட்டி மாதர் சங்கம், மலர்க் கண்காட்சி, விருந்து என்று ஊரறிந்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள், அழைப்பிதழ்கள், கணக்கு நோட்டுகள், புகைப்படங்கள். படத்தில் இருப்பவர்களை 87 வயது அத்தைக்கு மட்டும்தான் தெரியும். தாத்தாவின் நகராட்சிக் காகிதங்களை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, மற்றதைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, குன்னூர்

அன்புள்ள சகோதரிக்கு,

போடாதீர்கள். அண்ணனை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

தாத்தா பேசியதற்கு நகராட்சித் தீர்மானங்களில் ஒரு வரியாவது இருக்க வாய்ப்புண்டு. பாட்டி ஓடியாடிச் செய்ததற்கு அந்தப் பெட்டியை விட்டால் சாட்சி கிடையாது. 1934இல் ஹரிஜன நிதி திரட்ட வந்த காந்தி குன்னூரில் சில நாள் தங்கினார். போன ஊரெல்லாம் பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்த பயணம் அது. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவளை என்ன கேட்டார்கள் என்பது எந்த அரசாங்கக் கோப்பில் இருக்கும்? 1962இல் அக்கம்மா தேவி நீலகிரியிலிருந்து மக்களவைக்குப் போனார். அவருக்காகப் படியேறி ஓட்டுக் கேட்ட பெண்களின் பெயர்கள், பாலுக்கும் விறகுக்கும் கணக்கெழுதிய நோட்டின் ஓரத்தில் இருந்தாலும் இருக்கும்.

பத்து வயதில் தபால்தலை சேர்க்கிறேன் என்று எங்கள் பாட்டிக்கு வந்த கவர்களையெல்லாம் கத்தரித்தேன். முத்திரையோடு தேதியும் போயிற்று. உள்ளே இருந்த கடிதங்களில் 'செவ்வாய்க்கிழமை' என்று மட்டும் இருக்கிறது. ஒன்றில், 'பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது, கவலை வேண்டாம்.' எந்த வருஷம், எந்தப் பாப்பா என்று சொல்ல இன்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அதனால் சொல்கிறேன், காலிக் கவரைக்கூடத் தூக்கிப்போடாதீர்கள்.

பாட்டி கட்டிவைத்த கட்டுகளைக் கலைத்துத் தேதிவாரியாக அடுக்கவும் வேண்டாம். ஒரு கல்யாணப் பத்திரிகையும் ஒரு ரசீதும் ஒரே நாடாவுக்குள் இருந்தால், அவர் அப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் இருக்கிறபடியே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது, காகிதம்தான் கிழியும். செலோடேப்பும் அப்படித்தான், நாளானால் பழுத்துக் கறையாகிவிடும். உங்கள் ஊர் ஈரத்தில் பூசணம் பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம், யாரிடம் கொடுப்பது? கோத்தகிரியில் நீலகிரி ஆவண மையம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அதுவே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்ததிலிருந்து வளர்ந்ததுதான். யாரிடம் கொடுத்தாலும், பிரிக்காமல் ஒன்றாக வைப்பார்களா என்று முதலில் கேளுங்கள். இன்று இருப்பவர்களை நோகடிக்கும் கடிதம் இருந்தால் எரிக்க வேண்டாம். இத்தனை வருஷம் யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.

இதெல்லாம் மெல்ல நடக்கட்டும். அத்தை விஷயம்தான் அவசரம். இந்த ஞாயிற்றுக்கிழமையே புகைப்படங்களோடு அவரிடம் போங்கள். அவர் சொல்லச் சொல்லப் படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். மழை பிடிப்பதற்குள் போய்வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.