வாசகர் கேள்வி – பதில்: திருவையாற்றுச் செலவும் நியூஜெர்சிச் செலவும்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் என் மகள், "இங்கே மொத்தச் செலவில் சாப்பாட்டுக்கு 13 சதவீதம்தான்" என்கிறாள். நமக்குப் பாதிப் பணம் மளிகைக்கும் காய்க்குமே போய்விடுகிறது. அங்கே சாப்பாடு அவ்வளவு மலிவா?
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: மலிவு இல்லை. ஆனால் மகள் சொல்லும் கணக்கு சரி. அமெரிக்க அரசின் 2023 செலவுக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டின் ஆண்டுச் செலவு சராசரியாக 77,280 டாலர், அதில் உணவுக்கு 9,985. வீட்டுக்கு 2.5 பேர் என்றால் தலைக்கு மாதம் 333 டாலர். நம் 2023-24 கணக்கெடுப்பில் இந்தியக் கிராமங்களில் தலைக்கு மாத மொத்தச் செலவு 4,122 ரூபாய். அதில் 47 சதவீதம், சுமார் 1,940 ரூபாய், உணவுக்கு.

333 டாலரை 2023ன் டாலர் மதிப்பான 83 ரூபாயால் பெருக்காதீர்கள். அங்கே விலைவாசி வேறு. விலை வேறுபாட்டைச் சரிக்கட்டும் வாங்கும் திறன் விகிதம் 2017ல் டாலருக்கு 20.65 ரூபாய். அதை வைத்துப் பார்த்தாலும் 6,900 ரூபாய்க்குக் கிட்டே வருகிறது, நம்மைப்போல் மூன்றரை மடங்கு. மொத்தச் செலவு பெருத்ததால்தான் சதவீதம் சிறுத்துத் தெரிகிறது. அங்கே குடியிருப்புக்கு மட்டும் 33 சதவீதம், போக்குவரத்துக்கு 17. வருமானம் ஏற ஏற உணவின் பங்கு குறையும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857லேயே காட்டிவிட்டார்.

இன்னொன்று: அமெரிக்க மொத்தத்தில் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் சுமார் 12 சதவீதம் கலந்திருக்கிறது. அதைக் கழித்தால் உணவின் பங்கு ஏறக்குறைய 15 ஆகிவிடும்.

உங்கள் வீட்டுக் கணக்கில் பெரும்பாலும் தவறுவது நெல்தான். சாப்பாட்டுக்கென்று பத்தாயத்தில் வைக்கும் சம்பா நெல்லுக்குக் காசு கைமாறுவதில்லை, அதனால் நோட்டில் ஏறுவதில்லை. மாதம் 40 கிலோ அரைத்தால் 26 கிலோ அரிசி வரும். அந்த 40 கிலோவைக் கொள்முதல் விலைக்கு எழுதுங்கள்: 2023-24ல் சன்ன ரகம் குவிண்டால் 2,310 ரூபாய், ஆக 924 ரூபாய். உரம், நடவுக் கூலி, அறுவடை மிஷின் வாடகை மூன்றும் வயலின் செலவு, வீட்டு நோட்டில் வரவே கூடாது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதும் வீடுகளில், குறுவை நடவு மாதத்தில் உணவின் பங்கு திடீரென்று விழுந்ததுபோலத் தெரியும்.

கேள்வி: சொந்த வீட்டுக்கு வாடகை போட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம், இரண்டு கணக்கெடுப்பின் மொத்தத்திலும் அது கிடையாது. அமெரிக்காவில் வீட்டுக்கடன் கட்டுபவர்களுக்கு வட்டி, சொத்து வரி, பராமரிப்பு போன்றவை மட்டும் செலவு. அசல் செலவு ஆகாது. தவணையை முழுசாக எழுதினால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும்.